நெத்தலிக்குப் பழகிய காகம்

துறைமுகத்தில் வேலை பார்த்த பதினொரு வருடத்தில் நான் மீனோடு சோறு தின்ற மத்தியானங்களை விரல் விட்டு எண்ணிவிடலாம், ஐயா. மீன் எனக்கென்று பொரித்ததுதான், தின்றது காகம். சோற்றுப் பார்சலை மூட்டைக் கிட்டங்கி யன்னலில் வைத்துவிட்டுக் கை கழுவப் போனால், ஒரு காலால் அமத்திப் பிடித்து, சொண்டால் றப்பர் வளையத்தைக் கழற்றி, மீனை மட்டும் எடுத்துக்கொண்டு போய்விடும். சோற்றைத் தொடாது. பார்சலைப் பெட்டிக்குள் வைத்து மூடிப் பார்த்தேன். ஒரு காகம் எனக்கு முன்னால் வந்து நொண்டி நொண்டி நடந்தது. பாவமே என்று நான் அதைப் பார்த்துக்கொண்டிருக்க, பின்னால் இன்னொன்று மூடியைத் தள்ளிக்கொண்டிருந்தது. என்னோடு மூட்டை எண்ணுகிற லாபிர் சிரித்தார்.

"இதுக்கு எழுத வாசிக்கத் தெரிஞ்சா ஒங்களுக்கு மேல உத்தியோகம் பார்க்கும் தம்பி."

அதே கிட்டங்கியில்தான் இரத்தினசிங்கமும் இருந்தான். என் மீன் களவு போன நாளெல்லாம் தன் துண்டில் பாதியைப் பிய்த்து என் சோற்றில் வைப்பான். அவன் நல்லவன். அதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள்.

தொண்ணூறாம் ஆண்டு ஆனியில் அவனுடைய ஊரான கப்பல்துறையில் ஆமியின் சுற்றிவளைப்பு நடந்தது. அவனைக் கொண்டு போனார்கள். வீடும் எரிந்தது. அவன் மனைவி பூரணி, உப்புவெளியில் அக்கா அன்னலட்சுமியின் வீட்டுக்கு வந்து சேர்ந்தாள். அந்த ஒழுங்கையில் இரண்டு வீடு தள்ளித்தான் நான் வாடகைக்கு இருந்தேன். கூட்டாளியின் மனைவி என்று தண்ணீர் அள்ளிக் கொடுத்தேன், அரிசிக்குச் சங்கக்கடை வரிசையில் நின்றேன். அவளை எனக்குக் கலியாணத்துக்கு முந்தியே பிடிக்கும். அவனுடைய கலியாணத்துக்கு முந்தி என்று சொல்கிறேன்.

அன்னலட்சுமிக்கு ஒரு யோசனை வந்தது.

"அமாவாசைக்கு அப்பாட பேரில ஒரு இலை போடுறம்தானே. பக்கத்தில அவற்ற பேரிலயும் ஒண்டு போட்டுப் பாப்பம். காகம் எடுத்தா ஆள் இல்லை. எடுக்காட்டி எங்கயோ இருக்கிறார்."

ஏழு அமாவாசை போட்டார்கள். தகப்பன் இலையைக் காகங்கள் வழித்துத் துடைத்துவிட்டுப் போகும். இரத்தினசிங்கத்தின் இலையை ஒன்றும் தொடாது. எப்படித் தொடும்? பூரணி அந்த இலைக்குப் பக்கத்திலேயே, கையில் பனையோலை விசிறியோடு, ஈ, இலையான் கலைக்கிற சாட்டில் உட்கார்ந்திருப்பாள். காகம் ஓரடி வைத்தால் விசிறி ஒரு வீச்சு. பிறகு எழும்பி, "எடுக்கேல்லை அக்கா" என்பாள், முகமெல்லாம் வெளிச்சமாக. அவளும் கள்ளம் செய்தாள் என்பதை நீங்கள் கவனிக்க வேண்டும்.

ஒருத்தி இப்படி எத்தனை வருடம் விசிறிக்கொண்டிருப்பது? முடிவென்று ஒன்று வேண்டாமா? எனக்கு அவள்மேல் இரக்கம் வந்தது. மாசியில் ஒரு காகத்தைப் பழக்கத் தொடங்கினேன்.

என் கிணற்றடியில் இலையைப் போட்டு, சோற்றுக்குள் பொரித்த நெத்தலியை ஒளித்து வைத்து, பக்கத்தில் விசிறியோடு நான் உட்கார்ந்தேன். இலை, பக்கத்தில் ஆள், கையில் விசிறி: இவ்வளவும் கண்டால் உள்ளே மீன் இருக்கிறது என்று அதற்கு விளங்க வேண்டும். ஒன்பது நாளில் விளங்கிவிட்டது. எனக்குத்தான் சில விஷயங்கள் விளங்க நாளெடுத்தது. எடுத்த நெத்தலியை அது ஓட்டுக்குக் கீழே செருகி வைத்துவிட்டு, ஒன்றும் கிடைக்காதது போல வந்து முன்னால் நின்று கத்தும். நான் இன்னொன்று கொடுப்பேன். இரண்டு மாதம் இப்படி ஏமாந்தேன். பிறகு இலையில் ஒரு நெத்தலி குறைந்தால் என் முகத்தைப் பார்த்து மூன்று தரம் கத்தி, நிலுவையைக் கேட்டு வாங்கப் பழகிக்கொண்டது. சட்டைப் பையில் எப்போதும் நெத்தலி. ஒழுங்கைப் பூனைகள் என் பின்னால் பஸ்ஸடி வரை வந்தன. நாற்பது வயதில் ஒரு காகத்துக்கு வேலைக்காரனானேன்.

ஆடி அமாவாசை அன்று என்னையும் விரதச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டிருந்தார்கள். முற்றத்தில் கதிரை போட்டு உட்கார்ந்தேன். இரத்தினசிங்கத்தின் இலையில் அவனுக்குப் பிடித்த பாகற்காய்க் கறி. பூரணி விசிறியை எடுத்தாள். என் காகம் வேலியிலிருந்து இறங்கி, வீசிய விசிறிக்குக் கீழால் நடந்து போய் இலையில் ஏறியது. சோற்றை இடமும் வலமுமாகக் கிளறி எறிந்தது. விரத நாளில் நெத்தலிக்கு எங்கே போவது? அது தலையைத் திருப்பி, கதிரையிலிருந்த என்னை நேரே பார்த்து மூன்று தரம் கத்தியது.

பிடிபட்டுவிட்டேன் என்று நினைத்தேன்.

அன்னலட்சுமி வாயில் கையை வைத்தாள். "பிள்ளை, அங்க பார். யோகலிங்கத்தைத்தான் கூப்பிடுறார். உன்னை அவரிட்ட ஒப்படைச்சிட்டுப் போறார்."

காகம் வேறு வழியில்லாமல் ஒரு வாய்ச் சோற்றை எடுத்தது. பூரணி விசிறியைக் கீழே வைத்தாள். அழவில்லை. காகத்துக்குக் கிட்டக் குனிந்து, "சாப்பிடுங்கோ," என்றாள். "உப்புக் காணுமோ?"

எனக்கு வெட்கமாக இருந்தது. பொறாமையாகவும் இருந்தது, ஒரு காகத்தின்மேல். தொண்ணூற்று மூன்றில் எங்களுக்குப் பதிவுத் திருமணம் நடந்தது. இன்றுவரை அவள் என்னிடம் உப்புக் காணுமா, போதுமா என்று கேட்டதில்லை.

விசாரணை மேசையில் நீங்கள் விரித்து வைத்திருக்கும் மூன்று கடிதங்களும் என் அலுமாரியில் இருந்தவைதான். பூரணியே கொண்டுவந்து தந்தாளென்றால் தேடி எடுத்திருக்கிறாள். நான் எரிக்கவில்லை, கெட்டவனென்றால் எரித்திருப்பான். முதல் கடிதம் தொண்ணூற்றொன்று மாசியில் வந்தது. வீடு எரிந்ததை இரத்தினசிங்கம் கேள்விப்பட்டிருந்தான். அவள் எங்கே இருக்கிறாள் என்று தெரியாததால் கிட்டங்கி விலாசத்துக்கு, என்னை நம்பி எழுதினான். தெற்கில் ஒரு முகாமில் உயிரோடு இருக்கிறேன், பூரணியிடம் சொல்லு என்றிருந்தது. நான் முதல் நெத்தலி வைத்தது அதற்கு அடுத்த நாள்.

இரண்டாவது சித்திரையில் வந்தது. வீட்டிலிருந்து ஒருவர் பிறப்புச் சான்றிதழும் வேலைக் கடிதமும் கொண்டுவந்து கையெழுத்திட்டால் விடுவதாகச் சொல்கிறார்கள் என்று எழுதியிருந்தான். அந்த வாரந்தான் காகம் விசிறிக்கு அஞ்சாமல் நடக்கப் பழகியிருந்தது. பாதியில் விட மனம் வரவில்லை. மூன்றாவது, அந்த ஆடி அமாவாசை கழிந்து ஐப்பசியில். பூரணிக்கு ஏதும் நடந்திருந்தால் மறைக்காமல் எழுது, தாங்கிக்கொள்வேன் என்றான். மறுமொழி எழுதப் பேனையோடு இருந்து பார்த்தேன். என்னத்தை எழுதுவது?

அவன் உயிரோடிருப்பது தெரிந்தே செய்தேன். நான் ஒரு தரம் பஸ் ஏறியிருந்தால் அவன் வீட்டுக்கு வந்திருப்பான். ஒப்புக்கொள்கிறேன், எழுதுங்கள். ஆனால் புருஷன் செத்துவிட்டான் என்று பூரணியிடம் என் வாயால் ஒருநாளும் சொன்னதில்லை. நீங்கள் காட்டுகிற முகாம் பதிவில் அவன் காய்ச்சலில் இறந்தது தொண்ணூற்றிரண்டு மார்ச் என்றிருக்கிறது. காகம் சோறெடுத்த ஆடி அமாவாசை அதற்கு முந்தின ஓகஸ்டில். அதைப் பொய் என்று எழுதிவிடாதீர்கள், ஐயா. ஏழு மாதம் முந்திச் சொல்லிவிட்டது, அவ்வளவுதான்.