அழுகைக்கு ஒரு குரல்

செவ்வந்தி: ...அப்போ அந்தப் படத்துல ராசா பேசுறதெல்லாம் நீங்க பேசுறதுதான்?

வீரையா: நான்தான். இந்திக்காரன் வாயை அசைப்பான். தமிழு என் தொண்டையில இருந்து வரும். கடுதாசியில விவரமா எழுதினேன்ல.

செவ்வந்தி: எழுதினீங்க. வலைக்கார மொதலாளி வாவு முகம்மது ரெண்டு தரம் வாசிச்சுக் காட்டுனாக. நம்மகிட்டக் கரைவலை இழுத்த வீரையா மெட்ராசுல ராசாவாயிட்டான்னு ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரியிறாக.

வீரையா: சொல்லட்டும். நீ ஏன் சிரிக்கிற?

செவ்வந்தி: சிரிக்கலையே... வெயிலு கண்ணுல அடிக்குது. மெட்ராசு ரயிலு வர இன்னும் எம்புட்டு நேரம்?

வீரையா: மண்டபத்துல இருந்து விட்டாச்சாம், டேசன் மாஸ்டர் சொன்னாரு. இங்க உச்சிப்புளியில ரெண்டு நிமிசந்தான் நிக்கும். இப்பவாச்சும் சொல்லு... நீயும் வாரியா?

செவ்வந்தி: மூணு வருசமா ஒரே பதிலுதான். வரல. பிள்ளை கெடக்குற மண்ணு இங்கன இருக்கு.

வீரையா: மண்ணு மட்டுந்தானா காரணம்?

செவ்வந்தி: ...அந்தப் படம் இங்கன டூரிங் கொட்டகைக்கு வந்துச்சு.

வீரையா: என்னது... எப்ப?

செவ்வந்தி: போன வாரம், நீங்க வாரதுக்கு முந்தி. கருத்தம்மாக்காவோட போயிப் பாத்தேன். ஒரு நாளு.

வீரையா: கடுதாசி போட்டிருக்கலாம்ல... எப்பிடி இருந்துச்சு?

செவ்வந்தி: ராசா நல்லாப் பேசுனாரு. ஒவ்வொரு சொல்லா எண்ணி வைக்கிற மாதிரி, வருகிறேன், போகிறேன்னு. ஒங்களுக்கு வாரேன், போறேன் தவிர வேற...

வீரையா: அங்க பழக்குவாக.

செவ்வந்தி: பழக்குனாலும் தொண்டை மாறுமா? வலை இழுக்கையில நீங்க எடுத்துக் குடுக்குற அம்பாப் பாட்டை எட்டு வருசம் கேட்டவ நான். முப்பது பேரு சத்தத்துலயும் ஒங்க கொரலை மட்டும் பிரிச்சுச் சொல்லுவேன்.

வீரையா: ...சரி. ராசா இல்ல. மந்திரி.

செவ்வந்தி: மந்திரியும் இல்லைங்க.

வீரையா: வாசல்ல ஈட்டியோட நிக்கிறவன். ரெண்டு எடத்துல ஆகட்டும் மன்னாங்குறது. அப்புறம் சந்தையில கூட்டம் கத்தும்ல, அதுல ஒருத்தன். போதுமா? கரையில நான் பாடுனதைக் கேட்டுக் கூட்டிட்டுப் போனாரே ஒரு சினிமாக் கம்பெனிக்காரரு, அவரு பேச்சை நம்பித்தான் போனேன். மூணு நாளு ராசா வசனத்தைப் பேசிப் பாக்கச் சொன்னாக. ஊரு வாடை அடிக்குது, வேணாம்னுட்டாக. அதை எப்பிடிப் புள்ள ஊருக்கு எழுதுறது?

செவ்வந்தி: அம்புட்டுத்தானா?

வீரையா: அம்புட்டுத்தான்.

செவ்வந்தி: தலைப்பாக் கட்டுன ஒரு கெழவரு... கப்பல் யாவாரி. செத்துப்போன மகனை மடியில போட்டுக்கிட்டு, நமக்கு முதுகைக் காட்டிக்கிட்டு அழுவாரே, எந்திரிய்யா, விடிஞ்சுருச்சுய்யான்னு. எந்த ஊரு சினிமாவுல பெத்த மகனை அய்யாங்குறாக? நம்ம சோணையைத் தெனமும் அப்பிடிச் சொல்லித்தான எழுப்புவீங்க.

வீரையா: தாள்ல மகனேன்னுதான் எழுதியிருந்துச்சு. வாயில இது வந்துருச்சு. முதுகுதான தெரியுது, ஒதடு தெரியலையே, இருந்துட்டுப் போகட்டும்னாக. ஆனா சத்தம் சரியாப் பதியலைன்னு அந்தத் துண்டுப் படத்தையே சுத்திச் சுத்தி ஓட்டுனாக. ஒம்பது தடவை அழுதேன். ஒம்பது தடவையும் நம்ம பிள்ளையத்தான் மடியில போட்டேன்.

செவ்வந்தி: அவனை மண்ணுல வச்ச மறுநாளு கரைக்குப் போயி அம்பா எடுத்தீங்க. வீட்டுக்குள்ள கெடந்து கேட்டேன். கொரலு ஒரு எடத்துலகூட ஒடையல. இது மனுசனே இல்லைன்னு அன்னிக்கு நெனச்சதுதான்... நான் வராததுக்கு மண்ணுன்னு சொன்னது சும்மா.

வீரையா: நான் பாட்டை நிறுத்துனா முப்பது பேரு கையும் நின்னு போகும் புள்ள. சாயங்காலம் வீட்டுக்கு வந்தா நீ செவத்தைப் பாத்துப் படுத்திருந்த. எங்கன போயி அழுகுறது? கடைசியில அங்க, இருட்டு ரூமுல, மைக்கு முன்னாடி வந்துச்சு. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒருத்தன் வெத்தலை போட்டுக்கிட்டு இருந்தான்.

செவ்வந்தி: இப்ப எதுக்குக் கூப்பிட்டிருக்காக? நெசத்தைச் சொல்லுங்க.

வீரையா: அழுகைக்குத்தான். அடுத்த படத்துல மூணு சாவு இருக்காம். அந்த ராமநாதபுரத்து ஆளை வரச் சொல்லுன்னாகளாம். பிள்ளையை வச்சுப் பொழைக்கிறேன்னு ஒனக்குத் தோணுச்சுன்னா சொல்லிரு, போகல. நாளைக்கே வலைக் கயித்தைப் பிடிச்சுக்கிறேன்... அந்தா, புகை தெரியுது. சொல்லு.

செவ்வந்தி: ஒரு நாளு பாத்தேன்னு சொன்னது பொய்யிங்க. படம் ஓடுன ஆறு நாளும் போனேன். நீங்க அழுகுற வரைக்கும் இருந்து, கூடவே அழுதுட்டு, எந்திரிச்சு வந்துருவேன்... போங்க, எனக்கும் ஒரு டிக்கெட்டு எடுத்துட்டு வாங்க.