ஓரகத்தி தந்த பரணி

தென்காசியில் செங்கோட்டை ரயிலின் மூன்றாம் வகுப்பில் ஏறியதிலிருந்து, என் எதிர்ப் பலகையில் இருந்த அம்மாள் தன் மடியிலிருந்த ஊறுகாய்ப் பரணியை முறைத்துக்கொண்டே வந்தாள்.

“என் ஓரகத்தி தந்தது. ஒரு கொத்து கறிவேப்பில கேட்டா இல்லம்பா. இன்னைக்கு ஒரு பரணி வெள்ளரிப் பிஞ்சு ஊறுகாயத் தூக்கித் தருதா!”

“பாசமா இருக்கும்க்கா,” என்றாள் கூட வந்தவள்.

“அவளுக்கா? அவ கிணத்துத் தண்ணி உப்பு. அவ தோட்டத்துப் பிஞ்சு பூராவும் கசக்கும். நீயே ஒண்ணு தின்னு பாரு.”

கூட வந்தவள் பரணி வாயில் கட்டியிருந்த துணியை அவிழ்த்து, ஒரு பிஞ்சை எடுத்துக் கடித்தாள்.

“கசக்கவே இல்லக்கா. நல்ல ருசி.”

“அப்ப இது என் தோட்டத்துல களவுபோன பிஞ்சேதான். பாவம், இத்தன நாளா நான் அணிலையில்லா ஏசுனேன்!”