கடைசி பெஞ்சுக்குக் கேட்க வேண்டும்

பள்ளிக்கூடத்துக்குக் கால அட்டவணை போட்டுப் பார்த்தவர்களுக்குத்தான் அந்தத் தலைவலி தெரியும். நாற்பத்திரண்டு ஆசிரியர்கள், முப்பது வகுப்பறைகள், ஒரு பென்சில், ஒரு ரப்பர். உதவித் தலைமையாசிரியராகப் பதினோரு வருடம் நான்தான் போட்டேன். விசாரணைக்கு வந்திருக்கும் நீங்களும் எடுத்துப் பாருங்கள், விதிமீறல் எதுவும் கிடைக்காது.

வரலாற்று டீச்சர் பாடுவார். பாடட்டும், யார் வேண்டாம் என்றது? ஆனால் நாலு மணி அடித்ததும் பையைத் தூக்கிக்கொண்டு பயிற்சிக்குக் கிளம்பிவிடுவார். நான் ஆறு மணி வரை இருப்பேன். யாரும் இருக்கச் சொன்னதில்லை, இருப்பேன். என் கூட்டங்களில் கொட்டாவி விடுகிற அத்தனை பேரும், ஒருநாள் ஆசிரியர் அறையில் அவர் பாடியபோது டீயைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆசிரியர் என்றால் முழுசாக ஆசிரியராக இருக்க வேண்டும். வேறொன்றுக்கு மிச்சம் வைத்துக்கொண்டு வரக் கூடாது.

அந்த வருடம் நகர அரங்கில் அவர் தனியாகப் பாட நாள் குறித்தார்கள். இருபது வருட ஆசை என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். அடுத்த வாரமே அவருடைய வகுப்புகளைத் தரைத்தளத்துக்கு மாற்றினேன். சன்னலுக்கு வெளியே மரப்பட்டறை, நாள் பூராவும் ரம்பம் ஓடும். இரண்டு பிரிவுகளை ஒன்றாக்கி எண்பது பேரை உட்கார வைத்தேன். யாராவது விடுப்பு எடுத்தால் அவருடைய ஓய்வு நேரத்தில் அவரையே அனுப்பினேன். கடைசி பெஞ்சுக்குக் கேட்காத பாடம் பாடமே இல்லை என்பது அவர் கொள்கை. அதை நம்பித்தான் இவ்வளவும் செய்தேன். வேறொருவராக இருந்தால் கரும்பலகையில் எழுதிப்போட்டுவிட்டுச் சும்மா உட்கார்ந்திருப்பார்.

ஒருநாள் மருத்துவரின் கடிதத்தோடு வந்து நின்றார். குரல் கரகரத்தது.

"தொண்டையில கட்டி மாதிரி இருக்காம் சார். ரெண்டு மாசம் சத்தமாப் பேசக் கூடாதாம். மாடியில ஒரு வகுப்பாவது குடுங்க."

"மேடைக்கு இருக்கிற தொண்டை பசங்களுக்கு மட்டும் இல்லாமப் போயிடுமா டீச்சர்?" என்றேன்.

கண் கலங்கிவிட்டது அவருக்கு. என்னிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு வகுப்புக்குப் போனார். கடிதத்தை இரண்டு முறை படித்தேன். ஓய்வு கொடுக்காவிட்டால் குரல் நிரந்தரமாகப் போகும் என்பதை மருத்துவர் அடிக்கோடிட்டிருந்தார். தலைமையாசிரியரிடம் நான் அதைக் கொடுக்கவில்லை. தொலைக்கவும் இல்லை, என் மேஜை இழுப்பறையில் பத்திரமாக இருக்கிறது. மறுநாளிலிருந்து பொதுத்தேர்வுப் பிள்ளைகளுக்குக் குறிப்பு சொல்லி எழுத வைக்கும் வேலையையும் அவருக்கே கொடுத்தேன், தினம் இரண்டு மணி நேரம். அந்த வருடம் வரலாற்றில் ஒரு பிள்ளைகூடத் தோற்கவில்லை. அதை மட்டும் நீங்கள் எழுதிக்கொள்ள மாட்டேன் என்கிறீர்கள்.

நிகழ்ச்சிக்கு நேரத்தோடு போய் முன்வரிசையில் இடம் பிடித்தேன். இரண்டாவது பாட்டின் நடுவில் குரல் நின்றது. வாய் திறந்தே இருந்தது, காற்று மட்டும் வந்தது. அது இனித் திரும்பாது என்று நீங்கள் சொல்லித்தான் தெரிய வேண்டும் என்பதில்லை, எனக்கு அங்கேயே தெரிந்துவிட்டது. அரங்கத்தில் ஒருவரும் அசையவில்லை. நான் மட்டும் எழுந்து நின்று, கை வலிக்கும் வரை தட்டினேன். அவருக்கு ஓர் ஆறுதலாக இருக்கட்டும் என்றுதான்.