வெள்ளை டேப்

எனக்கு டேப் ஒட்டுவது பிடிக்கும். சிலருக்குத் தோட்டம், சிலருக்குச் சீட்டாட்டம், எனக்கு டேப். எங்கள் வீட்டில் உப்பு டப்பா, சர்க்கரை டப்பா, மாத்திரை டப்பா எல்லாவற்றிலும் கலர் கலராக ஒட்டியிருக்கும். "இன்னும் என் நெத்தி ஒண்ணுதான் பாக்கி" என்பாள் என் மனைவி. ஒரு மத்தியானம் அவள் கண்ணயர்ந்தபோது அதையும் தீர்த்துவைத்தேன். கண்ணாடியில் பார்த்துவிட்டுச் சிரிப்பு தாங்காமல் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். இப்போது அவள் என்னோடு பேசுவதில்லை. காரணம் நெற்றி டேப் இல்லை என்பது உங்களுக்கும் தெரியும், இன்ஸ்பெக்டர். டீ நன்றாக இருக்கிறது. குடித்துக்கொண்டே சொல்கிறேன்.

நான் வேலை பார்த்தது பூச்சிமருந்தைச் சோதிக்கிற ஆய்வகம். காயில், தானியத்தில், தண்ணீரில் எவ்வளவு மருந்து தங்கியிருக்கிறது என்று பார்ப்போம். ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகக் கலப்பே இல்லாத சுத்த மருந்து ஒரு சின்னக் குப்பியில் இருக்கும். நரம்பைப் பிடித்து உலுக்குகிற வகை. அதனிடமிருந்து ஆட்களைக் காப்பாற்றுவது என் வேலை. கதவில் 'பாதுகாப்பு அலுவலர்' என்று பலகை. ஆட்கள் வைத்த பெயர் பூச்சாண்டி.

அந்தப் பெயருக்கு நான் உழைத்திருக்கிறேன். புதிதாக வருகிறவர்களிடம், "இந்தக் குப்பியத் தொறந்தா எதிர்ச் சுவத்துல இருக்கிற பல்லி பொத்துன்னு விழும்" என்பேன். "ஒருத்தர் கையுறை போடாம தொட்டாரு. அவருக்குக் கைகுடுத்தவருக்குக் காய்ச்சல், அவரு வீட்டு நாய்க்கு மயக்கம்" என்பேன். பல்லி விழுந்து நான் பார்த்ததில்லை. அந்த நாய் நான் வளர்த்த நாய், கற்பனையில். ஆனால் கேட்டவர்கள் ஒருவர்கூட வெறுங்கையோடு குப்பிப் பக்கம் போனதில்லை. உண்மையை அளந்து சொன்னால் ஜனங்கள் கொட்டாவி விடுவார்கள். கொஞ்சம் ஊதிச் சொன்னால் பிழைத்துக்கொள்வார்கள்.

டேப் விதி என் சொந்தக் கண்டுபிடிப்பு. இந்த மருந்து கண்ணுக்குத் தெரியாது. கையுறையோடு குப்பியைத் தொட்டவர் அதே கையால் கதவைத் திறப்பார். பின்னால் வருகிறவர் வெறுங்கையால் அதே கதவைத் தொட்டு, மூக்கைச் சொறிந்துகொள்வார். தோல் வழியாகவே உள்ளே போய்விடும். வாய் வழி கிடைத்தால் அதற்குக் கல்யாண வீடு. ஆகவே, கையுறையோடு மட்டும் தொட வேண்டியவற்றில் சிவப்பு டேப். வெறுங்கையால் மட்டும் தொட வேண்டியவற்றில் வெள்ளை டேப். பேனா, நாற்காலி, ஃபோன், அலமாரிக் கைப்பிடி எதுவும் தப்பவில்லை. "யோசிக்காத, டேப்பைப் பாரு." இதுதான் சட்டம். மனிதன் களைத்துப்போனால் தப்பாக யோசிப்பான். டேப் களைப்பதில்லை.

இப்போது என் மச்சினன். என் மனைவியின் ஒரே தம்பி. அவனை அங்கே சேர்த்துவிட்டவன் நான். கையுறையை உட்புறம் வெளியே வரும்படி உரித்துக் கழற்ற வேண்டும் என்று முதல் நாள் அவன் கையைப் பிடித்துக் காட்டியவனும் நான். கெட்டிக்காரன்தான். ஒரே ஒரு கெட்ட பழக்கம், பக்கம் புரட்டும்போதெல்லாம் விரலை நாக்கில் தொட்டுக்கொள்வான்.

"மாப்ள, நாக்க உள்ள வை" என்று எத்தனையோ தடவை கத்தியிருக்கிறேன்.

"அத்தான், இந்த நாக்கு இல்லேன்னா நான் பரீட்சையே பாஸாகியிருக்க மாட்டேன்" என்பான்.

பிறகு அவன் மேலே போனான். ஆய்வகத்துக்கே தலைவரானான். நான் அவனுக்குக் கீழே. அதில் எனக்கு வருத்தமில்லை. என் மனைவி கேட்டபோதும் இல்லையென்றேன், அவன் கேட்டபோதும் இல்லையென்றேன், கேட்காதவர்களிடமும் போய் இல்லையென்று சொன்னேன்.

என் பிரிவுபசார விழாவில் அவன் மைக்கைப் பிடித்தான். "பூச்சாண்டி பாடம் இல்லாம விழா எப்படிங்க?" என்றான். வியர்வை துடைக்கிற மாதிரி காட்டிவிட்டு, மேஜைமேல் இருந்த தண்ணீரை வாயில் ஊற்றி வழியவிட்டான். கண்ணைச் சுருக்கி, "கண்மணி கடுகாப் போச்சே" என்று என் குரலில் கத்தினான். தசை துடிக்கிற மாதிரி நடித்து, கடைசியில் கையும் காலும் வெட்டி வெட்டி இழுக்க மேடையில் விழுந்தான். நான் உயிரைக் கொடுத்துச் சொல்லித்தந்த அறிகுறிகள், ஒன்று விடாமல், வரிசை தப்பாமல். கூடம் அதிரச் சிரித்தார்கள். முதல் வரிசையில் என் மனைவி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். அவன் எழுந்து சட்டையைத் தட்டிவிட்டு, "அத்தானோட சேத்து அவரோட டேப்புக்கும் ஓய்வு குடுத்துடலாம். இனிமே நாம மூளைய உபயோகிப்போம்" என்றான். கைதட்டல். பரிசுப் பொட்டலத்தைப் பிரித்தேன். உள்ளே ஒரு டேப் உருளை. நானும் சிரித்தேன். எனக்குச் சிரிப்பு நன்றாக வரும்.

சொன்னானே தவிர டேப்பை உரிக்கவில்லை. சோம்பேறி. அவன் கை டேப்பைப் பார்த்துத்தான் நீளும், மடங்கும். பழக்கம் அப்படி. பழக்கியவன் நான். இந்த வருஷம் ஃபோன் செய்தான். "புது ஆளுங்க வந்திருக்காங்க அத்தான். அடுத்த வாரம் டேப்பையெல்லாம் உரிச்சுப் பெயின்ட் அடிக்கிறோம். அதுக்கு முன்னாடி ஒருதரம் வந்து பூச்சாண்டி காட்டிட்டுப் போங்க."

போனேன். சீக்கிரமே போனேன். காவலாளி வணக்கம் வைத்தார். மருந்து அறையில் யாரும் இல்லை. அங்கே, காற்றை உறிஞ்சுகிற கண்ணாடிக் கூண்டுக்குப் பக்கத்தில், சிவப்பு டேப் ஒட்டிய கால்குலேட்டர். எழுத்து அறையில், என் மச்சினன் மேஜையில், அதே மாதிரி இன்னொன்று, முதுகில் வெள்ளை டேப். இரட்டைப் பிள்ளைகள். ஒன்றாக வாங்கியவை. நான் செய்தது இவ்வளவுதான், இதன் டேப்பை உரித்து அதில் ஒட்டினேன், அதன் டேப்பை இதில். பிறகு இடம் மாற்றி வைத்தேன். கையுறை போட்டுக்கொண்டுதான். விதியை மீறுகிற ஆள் நானில்லை.

அந்தக் கால்குலேட்டரில் மருந்து ஒட்டியிருந்ததா என்று கேட்கிறீர்கள். இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். அதனால்தான் குப்பியிலிருந்து கொஞ்சம் உதவி செய்தேன். சந்தேகத்தை மிச்சம் வைப்பது பாதுகாப்பு அலுவலருக்கு அழகில்லை.

அவன் வந்ததும் கட்டிப்பிடித்தான். "அத்தான், இளைச்சுட்டீங்களே, அக்கா சோறு போடுறதில்லையா?" என்று கேட்டுவிட்டுக் கணக்குப் போட உட்கார்ந்தான். இரண்டு பொத்தான் தட்டியதும் விரலைப் பார்த்தான். "பிசுபிசுங்குது. எவனோ காபியக் கொட்டியிருக்கான்." நான் ஜன்னலோரம் நின்றுகொண்டிருந்தேன். அந்த இடத்தில் ஒரு நொடி அவனுக்கு எல்லா வாய்ப்பும் இருந்தது, இன்ஸ்பெக்டர். மூளையை உபயோகிப்போம் என்று மைக்கில் சொன்னவன் அல்லவா. கால்குலேட்டரைத் திருப்பினான். முதுகைப் பார்த்தான். வெள்ளை. திருப்பி வைத்துவிட்டுத் தட்டினான். பக்கம் புரட்டினான். விரலை நாக்கில் தொட்டுக்கொண்டான்.

நாக்கை உள்ளே வை என்று எத்தனை காலம்தான் ஒருவன் கத்துவது?

வகுப்பு அதே அறையில்தான். புது ஆட்கள் வரிசையாக உட்கார்ந்தார்கள். அவன் ஓரத்தில், மேஜையிலேயே. பல்லியில் ஆரம்பித்தேன். சிரித்தார்கள். நாய்க்கு வந்தேன். இன்னும் சிரித்தார்கள். அறிகுறிகளுக்கு வந்தபோது அவன் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தான். "வியர்க்கும்" என்றேன். வியர்த்தது. "வாயில் நீர் ஊறும்" என்றேன். ஊறி வழிந்தது. இத்தனை வருஷம் படத்தில் காட்டியதை முதல்முறையாக நேரில் பார்க்கிறேன். ஒன்று விடாமல், வரிசை தப்பாமல் வந்தது. எனக்குப் புல்லரித்தது, மறைப்பானேன்.

"கண்ணு மங்குது அத்தான்" என்றான்.

அறையே கைதட்டியது. விழாவில் அவன் போட்ட வேஷம் அந்த ஆய்வகத்தில் பிரசித்தம். எல்லோரும் கேள்விப்பட்டிருந்தார்கள். "சார் மறுபடி ஆரம்பிச்சுட்டாரு" என்று யாரோ விசிலடித்தார்கள். நாற்காலியிலிருந்து சரிந்து விழுந்தபோது விசில் கூடியது.

ஒரே ஒரு பெண் எழுந்து நின்றாள். சேர்ந்து ஒரு மாதம்கூட ஆகாதவள். "சார், அவருக்கு நெஜமாவே முடியல. கண்ணப் பாருங்க சார். விஷமுறிவு ஊசி எங்க இருக்கு?"

"உக்காரும்மா. அவரு என்னைவிட நல்லா நடிப்பாரு" என்றேன்.

ஊசிப் பெட்டி சுவரில் இருந்தது. அதன்மேல்தான் சாய்ந்து நின்றிருந்தேன். அந்தப் பெண் ஓடிவந்து என்னை இடித்துத் தள்ளிவிட்டுப் பெட்டியை உடைக்கும்வரை பாடத்தைத் தொடர்ந்தேன். பாடத்தை நடுவில் விட்டால் அரைகுறையாகப் புரிந்துகொள்வார்கள். அவள் தள்ளியதில் என் தோள் இன்னும் வலிக்கிறது. ஊசி போட்டாள். நன்றாகத்தான் போட்டாள். நேரம் தாண்டியிருந்தது.

விபத்து என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். நானே அழுதேன். காரியமெல்லாம் முடிந்த பிறகு, சமையலறையில் நின்றுகொண்டு என் மனைவி கேட்டாள். குரல் உயரவில்லை.

"நீங்க அங்கதான இருந்தீங்க?"

"இருந்தேன்."

"கண்மணி கடுகாப் போகும், வேர்த்துக் கொட்டும், வாயில ஊத்தும்னு எனக்கே பாடம் எடுத்திருக்கீங்க. அவனப் பாத்தா எனக்கே தெரிஞ்சிருக்கும். உங்களுக்கு எப்படித் தெரியாமப் போச்சு?"

நான் ஏதோ வேடிக்கையாகச் சொல்ல வாயெடுத்தேன். அவள் உப்பு டப்பாவை எடுத்து, அதிலிருந்த டேப்பை நகத்தால் நிதானமாக உரித்தாள். அடுத்து சர்க்கரை. அடுத்து மாத்திரை. எல்லாவற்றையும் உரித்துவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு உங்களிடம் வந்தாள்.

அவள்மேல் எனக்குக் கோபமில்லை. அவளும் நான் பழக்கியவள்தானே, கவனிக்கத் தெரிந்தவள். அவனைக் கொன்றது நான்தான், எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் கூடவே இதையும் எழுதுங்கள். மேலிடத்துக்கு இது போய்ச் சேர வேண்டும், டேப்பை உரிக்கிற எண்ணத்தை அவர்கள் கைவிட வேண்டும். என் காலத்திலும் சரி, அதற்குப் பிறகும் சரி, என் விதியை மீறி அந்த ஆய்வகத்தில் ஒருவர்கூடச் செத்ததில்லை.