என் தோழியைத் தேடாதீர்கள்

தலைமைப் பொறுப்பையும் மூட்டுவலியையும் ஒருங்கே தாங்கி வீற்றிருக்கும் டாக்டர் ராமசுப்ரமணியன் அவர்களே, மேடையை மங்கலமாக்கும் மாதர் சங்கச் செயலாளர் அனந்தலக்ஷ்மி மாமி அவர்களே, வலியசாலைக்கு வழிதேடி வந்த பெரியோர்களே, அடுப்பில் எதையோ வைத்துவிட்டு வந்து அடிக்கடி கடிகாரம் பார்க்கும் அன்னையர்களே, அனைவருக்கும் இந்தக் கௌசல்யாவின் கனிவான வணக்கம்.

என்னை அறிந்தவர்களுக்கு என் நோயும் தெரியும். எச்.ஐ.வி.யோடு குடித்தனம் நடத்துகிறேன். மருந்து ஒழுங்காகப் போவதால், தேடினாலும் அகப்படாத அளவுக்கு வைரஸ் அடங்கிக் கிடக்கிறது. அடங்காதது உங்கள் அன்புதான். முன்பெல்லாம் தெருவில் பார்த்தால் "சாப்பிட்டாயா?" என்பீர்கள். இப்போது "மருந்து சாப்பிட்டாயா?" என்கிறீர்கள். சோறு சாப்பிட்டேனா என்று கேட்க ஆளில்லை, சபையோரே. சிரிக்கிறீர்கள். கேட்டவர்களே சிரிக்கிறீர்கள்.

டாக்டர்கள் மட்டும் சளைத்தவர்களா? பல் வலி என்று ஒருவரிடம் போனேன். என் அட்டையைப் பார்த்தார். "ஏ.ஆர்.டி. சென்டரில் கேளுங்கள், அம்மா" என்று அமுதமாய்ச் சொன்னார். முழங்கால் வலி என்று இன்னொருவரிடம் போனேன். "ஏ.ஆர்.டி. சென்டரில் கேளுங்கள்." கண்ணாடி மாற்றப் போனேன். அதே பல்லவி, அதே ராகம். வைரஸுக்கு மருந்து தரும் அந்த ஒற்றை அறையில் என் பல்லைப் பிடுங்குவார்களா? பாவம், என் முழங்கால் வைரஸ் வருமுன்னே வம்பு செய்யத் தொடங்கியது.

சிரித்தது போதும். எனக்கொரு தோழி. அவளும் என்னைப் போலத்தான். மீன் விற்பாளா, மடிசார் கட்டுவாளா, செக்ரட்டேரியட்டில் ஃபைல் பார்ப்பாளா, சொல்லமாட்டேன். வைரஸ் பரிசோதனையில் அவளுக்கு நல்ல பெயர். ஆனால் மாதவிலக்கு நின்றபின் மறுபடி உதிரம் படுகிறது. எங்களைப் போன்ற பெண்களுக்குக் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் வரும் அபாயம் கூடுதல். முன்கூட்டிப் பார்த்தால் காப்பாற்றலாம். வா என்று கையைப் பிடித்து இழுத்தேன். "வேண்டாம் சேச்சி. மருந்தே ஆளறியாத ஊர்ல போய்த்தான் வாங்குறேன். இங்க அந்த ஏ.ஆர்.டி. ரூம் வாசல்ல இருந்தா ஆளுக அறியும். பிறகு மோளுக்குக் கல்யாணம் நடக்குமா?" என்று கையை உதறிவிட்டாள். எனக்கு அவள்மேல் கோபமில்லை. பயமாக இருக்கிறது. நாளாக ஆக ரொம்பப் பயமாக இருக்கிறது.

அதோ, சில தலைகள் திரும்புகின்றன. யாரென்று தேடுகிறீர்கள். இதற்குத்தானே அவள் அஞ்சினாள்? இந்தப் பக்கம் திரும்புங்கள். நானும் பார்க்க லட்சணமாகத்தான் இருக்கிறேன்.

தலைவர் அவர்களே, பல்லையும் கண்ணையும் கர்ப்பப்பையையும் கலங்கிய மனத்தையும் உங்கள் ஆஸ்பத்திரியில் ஒரே இடத்தில், ஒரு பெண்ணை முழுப் பெண்ணாகப் பார்க்கும் நாள் ஒன்று தருவீர்களா? தலையாட்டுகிறார். தலையாட்டினால் ஊருக்குக் கேட்காது, சார். இதோ மைக்.

"வியாழக்கிழமை தோறும் பார்க்கிறோம். எல்லாப் பெண்களும் வரலாம். வாசலில் யாரும் என்ன நோய் என்று கேட்கமாட்டார்கள்" என்கிறார்.

கைதட்டுங்கள். தட்டிவிட்டு வீட்டோடு இருந்துவிடாதீர்கள். ஆற்றுகால் அம்மன் பொங்காலைக்குத் தெரு நெடுக அடுப்பு வைக்கிறோமே, பக்கத்து அடுப்பில் தீ வாங்குகிறோமே, அவள் யார், அவளுக்கு என்ன நோய் என்று கேட்டா வாங்குகிறோம்? மாமி ஏதோ முணுமுணுக்கிறார். "எங்களுக்கு எதுக்குடி? எங்களுக்குத்தான் ஒண்ணுமில்லையே" என்கிறார். ஒன்றுமில்லை என்று யார் பார்த்துச் சொன்னார்கள், மாமி? இந்தக் கர்ப்பப்பைப் பரிசோதனை எல்லாப் பெண்களுக்கும் வேண்டியதுதான். யோசிக்கிறார். "சரி, வரேன். ஆனா முதல்ல நான்தான் நிப்பேன்" என்கிறார். நில்லுங்கள் மாமி, உங்களை முந்த யாரால் முடியும்?

ஸ்ரீவராகத்திலிருந்து வாருங்கள். விழிஞ்ஞத்திலிருந்து வாருங்கள். வலியசாலையே எழுந்து வாருங்கள். ஆஸ்பத்திரி வாசலிலிருந்து ரோடு வரை வரிசை நீளட்டும். அத்தனை பெண்களுக்கு நடுவே அவளும் வந்து நிற்பாள். அவள் எவள் என்று எவராலும் சொல்லமுடியாது.

செவிகொடுத்த சபைக்கும், மைக்கைக் கையில் வாங்கிய தலைவருக்கும் என் நன்றி. தோழி, நீ எந்த வரிசையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாலும் சரி, வியாழக்கிழமை பார்க்கலாம். வணக்கம்.