திரைக்கு முன்னால் கைதட்டியவள்

கதவை இழுத்துச் சாத்துங்கள். செவ்ரானுக்கு இனி விடியத்தான் ரயில். தேத்தண்ணீர் இருக்கிறது, ஆளுக்காள் நெருங்கி உட்காருங்கள். பேய்க்கதை என்றதும் நடுச்சாமம், நாய் ஊளை, புளியமரம் என்று எதிர்பார்க்கிறவர்கள் இப்போதே போர்த்திக்கொண்டு படுக்கலாம். இது மத்தியானம் இரண்டு மணிக்குத் தொடங்கியது. பட்டப்பகல்... ஆனி மாத வெய்யில்.

எங்கள் கிங்ஸ்டனைத் தெரியும்தானே, லா சப்பல் கடைத்தெருவில் கைத்தொலைபேசி திருத்துகிறவன்? அவனுடைய மச்சாள் தாட்சாயினிக்கு நடந்தது. அவன் சத்தியம் பண்ணிச் சொன்னான். அவன் சத்தியத்துக்கு என்ன விலை என்று கேட்காதீர்கள். மச்சாள் வாயாலும் கேட்டாயிற்று.

மத்தியானம் இரண்டு மணி. ஒரு பக்கம் இடுகாட்டு மதில், மறுபக்கம் பூட்டிக் கிடந்த பட்டறைகள். நடுவே நீட்டுக்கு ஒரு தெரு... ஒரு காக்கை குருவி இல்லை. அந்தத் தெருவால் தாட்சாயினியும் புருஷன் சஞ்சீவனும் சுடலைக்கு நடந்துகொண்டிருந்தார்கள். சுடலை என்றால் இந்த நாட்டுச் சுடலை. கண்ணாடிக் கதவு, பூச்சாடி, மெல்லிய பியானோ இசை. உள்ளே பெட்டியில் கிடந்தது மர்கரீத் அக்கா.

மர்கரீத் அக்கா புதுச்சேரிக்காரி. அரசாங்க வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர், கலியாணம் கட்டாதவர். லா சப்பலில் தாட்சாயினி வேலை செய்கிற தையல்கடைக்கு ஒருநாள் சட்டை தைக்க வந்தார். அளவு கொடுத்துக்கொண்டிருக்கும்போதே, "ஏம்மா, எங்கிட்ட டிக்கெட் ஒண்ணு மிச்சம் இருக்கு. பாலே பார்த்திருக்கியா?" என்று கேட்டார். தாட்சாயினி பார்த்ததில்லை. அன்று மாலை போனாள். போனவள் போனவள்தான். பைத்தியம் பிடித்துவிட்டது.

பிறகு ஒரு கோடைகாலமும் தப்பவில்லை. அரங்கின் ஓரத்தில் மலிவான இருக்கை. பாதி மேடை தெரியாது. கைப்பிடியில் சாய்ந்து, கழுத்தைக் கொக்குமாதிரி நீட்டிக்கொண்டு இரண்டு பேரும் பார்ப்பார்கள். யூலையில் திறந்தவெளி முற்றங்களில் ஆடினாலும் அங்கே நிற்பார்கள். எல்லாவற்றையும்விட அவர்களுக்குப் பிடித்தது விடைபெறும் மாலைகள். அந்தப் பெரிய அரங்கத்தில் ஆடுகிறவர்களுக்கு நாற்பத்திரண்டு வயதோடு ஓய்வு. கடைசியாக ஆடுகிற மாலையை ‘அதியே’ என்பார்கள். ஆட்டம் முடியும். முகட்டிலிருந்து பொன் தாள்கள் சொரியும். திரை மூடும். சனம் விடாது... கைதட்டும். ஆடினவள் திரும்ப வருவாள், குனிந்து வணங்குவாள், திரை மூடும். மறுபடி தட்டும். மறுபடி வருவாள்.

"நாம நிறுத்தினாத்தாம்மா அவ போவா. தட்டு. கை வலிச்சாலும் தட்டு" என்பார் மர்கரீத் அக்கா. எல்லாரும் எழுந்து போன பிறகும் அந்த மூலையில் இரண்டு பேர் தட்டிக்கொண்டிருப்பார்கள். வெளியே போகச் சொல்லிக் காவலாளி வந்து நிற்பான்.

சரி... சுடலைக்கு வருவோம். பாதிரியார் செபம் சொல்லி முடித்தார். அக்காவின் பெறாமகன், தங்கை பிள்ளை ரோமன் பெட்டியில் ஒரு ரோசாப்பூ வைத்தான். பெட்டிக்கு முன்னால் கருஞ்சிவப்பில் ஒரு திரை இருந்தது. வேலையாள் பொத்தானை அழுத்தினான். ஸ்ஸ்ஸ்... இரண்டு பக்கமிருந்தும் திரை மெல்ல வந்து மூடிக்கொண்டது.

தாட்சாயினி கைதட்டினாள்.

வேண்டுமென்று செய்யவில்லை, பாவம். கருஞ்சிவப்புத் திரை மூடினால் கைதட்ட வேண்டும். அத்தனை கோடைகாலமும் பழகின கை அது. பக்கத்தில் நின்று பழக்கியதும் பெட்டிக்குள் கிடக்கிற மனுசிதான். ஒருமுறை தட்டியதும் விக்கி விக்கி அழுகை வந்தது. அழுதுகொண்டே தட்டினாள். சனம் திரும்பிப் பார்த்தது. அவளால் நிறுத்த முடியவில்லை. நிறுத்தினால் அக்கா போய்விடுவார்.

சஞ்சீவன் அவள் மணிக்கட்டைப் பிடித்தான். "தாட்சா! என்ன செய்யிறீர்?"

அப்போதுதான்... திரை திறந்தது. நடுவிலே, ஒரு கை நுழையுமளவுக்கு. ஏசி குளிருக்குள்ளே கோடாலித் தைலத்தின் மணம் வந்தது. முழங்கால் உளைவுக்கு மர்கரீத் அக்கா பூசுகிற தைலம். வேலையாள் ஓடிவந்து பொத்தானை அழுத்தினான். மோட்டர் பிழை என்று மன்னிப்புக் கேட்டான். திரை மூடிக்கொண்டது. மணம் மட்டும் போகவில்லை.

அடுத்த நாள் தையல்கடை முதலாளி நாகேஸ்வரி மாமியிடம் தாட்சாயினி இதைச் சொன்னாள். மாமி ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தவர், ஊசியைக் கீழே வைத்துவிட்டார்.

"அடி விசரி! செத்த வீட்டிலை போயிட்டு வாறன் எண்டு சொல்லுறதே பிழை. ஒரு சொல்லும் சொல்லாமல் எழும்பி வாறது எங்கடை ஆக்கள். நீ கைதட்டிக் கூப்பிட்டிருக்கிறாய்!"

"நான் கூப்பிடேல்லை மாமி..."

"கைதட்டினா அவையள் என்ன செய்வினம்? நீதானே வாய் ஓயாமல் சொல்லுறனி? திரும்ப வருவினம். வந்திட்டுது எண்டு வை. கேள் பிள்ளை, வீட்டுக்கு மட்டும் கூட்டிக்கொண்டு போயிடாதை. அது தானாய் வாசல் தாண்டாது. வீட்டுக்காறி வாய் திறந்து வாங்கோ எண்டு சொல்லோணும். சொன்னியோ... பிறகு கலைக்கேலாது. உன்ரை மனுசனையும் நினைச்சுக்கொள்."

தாட்சாயினி சிரிக்கப் பார்த்தாள். சிரிப்பு வரவில்லை.

அந்தக் கிழமையே கடையில் ஒரு சின்னக் கொண்டாட்டம். கஜந்தினி என்று கூட வேலை செய்கிற பெட்டைக்குப் பிறந்தநாள். கேக் வெட்டினார்கள், எல்லாரும் கைதட்டினார்கள். தாட்சாயினி மட்டும் கையை மேலங்கிப் பைக்குள் வைத்திருந்தாள். கைதட்டு ஓய்ந்தது... கோடாலித் தைலம் மணத்தது.

உடுப்புப் போட்டுப் பார்க்கிற இடத்தில் ஒரு திரை தொங்கும், உங்களுக்குத் தெரியும். அது நிலத்தைத் தொடாது. அதற்குக் கீழே இரண்டு கால்கள் தெரிந்தன. கறுத்தச் சப்பாத்து. குதிக்கால் இரண்டும் ஒட்டி, முன்பாதம் இரண்டும் வெளியே விரிந்து... ஆட்டக்காரிகள் நிற்கிற நிலை. அசையவில்லை.

மற்றவர்கள் கேக்கைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தாட்சாயினி மட்டும் திரையைப் பார்த்தாள். பயம்தான். ஆனால் பயம் மட்டும் என்று சொன்னால் பொய். தாய் தகப்பன் இல்லாத ஊரில் ஒரு மனுசி அவளைக் கையைப் பிடித்து வெளிச்சத்துக்குக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறாள். அந்த மனுசி நாலடி தள்ளி நிற்கிறாள். போய்த் திரையை இழுத்து, "அக்கா" என்று கட்டிப்பிடிக்க வேண்டும்போல இருந்தது. ஒரு அடி வைத்தாள்.

நாகேஸ்வரி மாமி அவள் தோளை இறுக்கிப் பிடித்தார். மாமிக்குக் கால்கள் தெரியவில்லை. மணம் மட்டும் பட்டது. மாமியின் முகத்தில் இரத்தமே இல்லை.

அதற்குப் பிறகு தாட்சாயினி கைதட்டு நடக்கிற எந்த இடத்துக்கும் போகவில்லை. பெரியபிள்ளையான ஒரு பெட்டையின் சாமத்திய வீடு வந்தது, போகவில்லை. ஒரு இடத்தை மட்டும் விட முடியவில்லை. யூலையில் ஆனைஸின் அதியே. தாட்சாயினி முதல்முதல் பார்த்த ஆட்டக்காரி ஆனைஸ். மர்கரீத் அக்கா பனிக்காலத்திலேயே வரிசையில் நின்று இரண்டு இருக்கை எடுத்து வைத்திருந்தார், ஒன்று தனக்கு, ஒன்று இவளுக்கு. இதை விட்டால் ஆனைஸ் இனி இல்லை.

"நான் கை தட்டமாட்டன். மடிக்குள்ளை வைச்சிருப்பன்" என்றாள் புருஷனிடம். "ஆனா தனியப் போகப் பயமாக் கிடக்கு. மற்ற டிக்கெட்டுக்கு நீங்கள் வாறியளே?"

சஞ்சீவன் உணவகத்தில் குசினி வேலை. முதலாளியைப் பத்திரோன் என்பான். பாலே என்றால் அவனுக்குக் கொட்டாவி. "அக்காவின்ரை கதிரையிலை நானோ?" என்று சிரித்தான். பிறகு அவள் முகத்தைப் பார்த்து, "சரி சரி, பத்திரோனிட்டைக் கேட்டுப்போட்டு நேரா அங்கை வாறன். நீர் போய் உள்ளுக்கு இரும்" என்றான். நல்ல மனுசன். பெண்சாதி அழுதால் தாங்கமாட்டான்.

அன்று மாலை தாட்சாயினி கத்தரிப்பூச் சேலை கட்டிக்கொண்டு போய் இருந்தாள். பக்கத்துக் கதிரை காலி. தொலைபேசியை நிறுத்தச் சொல்லி அறிவிப்பு வந்தது. நிறுத்திப் பைக்குள் போட்டாள். விளக்குகள் அணைந்தன. காலிக் கதிரையைப் பார்க்க மனமில்லாமல் மேடையையே பார்த்தாள். இசை தொடங்கியது... யாரோ குனிந்து, முழங்கால்களைத் தாண்டி வந்து, பக்கத்தில் உட்கார்ந்தார்கள். திரும்பினாள்.

சஞ்சீவன்.

அப்பாடா என்று அவன் கையைப் பிடித்தாள். கை குளிர்ந்திருந்தது. மெத்ரோ ஏசி என்று நினைத்தாள். குளித்துவிட்டு வந்திருக்கிறான் என்றும் நினைத்தாள், ஏனென்றால் எத்தனை சவர்க்காரம் போட்டாலும் போகாத அந்தப் பொரித்த எண்ணெய் மணம் அன்று அவனிடம் இல்லை. ஒரு மணமும் இல்லை.

அவன் கொட்டாவி விடவில்லை. நித்திரை கொள்ளவில்லை. ஆனைஸ் மேடையின் மற்றப் பக்கம் போனபோது, கைப்பிடியில் சாய்ந்து, கழுத்தை நீட்டி எட்டிப் பார்த்தான். தாட்சாயினிக்குப் பூரிப்பு. கலியாணம் கட்டின நாளிலிருந்து தான் என்ன பார்த்து மயங்குகிறாள் என்று புரியாத மனுசன், இன்றைக்காவது புரிந்துகொண்டானே! கடைசி ஆட்டத்தில் அவன் கன்னத்தால் கண்ணீர் வடிந்தது. அதைப் பார்த்து அவளுக்கும் வடிந்தது. இப்படி ஒரு சந்தோசம் அவள் அனுபவித்ததில்லை.

திரை மூடியது. பொன் தாள்கள் சொரிந்தன. சபை எழுந்து நின்று தட்டியது, இடி இடித்தது. தாட்சாயினி தன் கைகளைத் தொடைகளுக்குக் கீழே வைத்து அதன்மேல் உட்கார்ந்திருந்தாள். கண் திரையிலேயே. ஆனைஸ் வருவாள், திரை மூடும், திறக்கும்... ஒவ்வொரு தடவையும் உயிர் போய் வந்தது. திரைக்குள்ளிருந்து வேறு யாராவது வருகிறார்களா? இல்லை. ஆனைஸ் மட்டும்தான். கறுத்தச் சப்பாத்து இல்லை. தைலமும் மணக்கவில்லை. தப்பிவிட்டோம் என்று மூச்சு விட்டாள்.

சனம் கலைந்தது. பக்கத்தில் சஞ்சீவன் இன்னும் தட்டிக்கொண்டிருந்தான். மெல்ல... ஒரே தாளத்தில். டப்... டப்... டப்.

"காணுமப்பா, வாங்கோ போவம்" என்று அவன் கையைப் பிடித்து இறக்கினாள்.

மெத்ரோவில் அவன் பேசவில்லை. பேசாத ஆள்தான், அதுவும் நிற்கிற வேலை செய்துவிட்டு வந்தவன். லா சப்பலில் இறங்கினார்கள். வெளிச்சம் இன்னும் முழுதாய்ச் சாகவில்லை. இரும்புப் பாலத்துக்குக் கீழே சோளம் சுடுகிறவர்கள், கைத்தொலைபேசி விற்கிறவர்கள், ஒரே இரைச்சல். தாட்சாயினி ஆனைஸைப் பற்றியே கதைத்துக்கொண்டு வந்தாள். அவன் "ம்" என்றான். இன்னொருமுறை "ம்" என்றான்.

மூன்றாம் மாடி. அவள் கதவைத் திறந்து உள்ளே போனாள். அவன் வரவில்லை. படிக்கட்டு விளக்கு, உங்களுக்குத் தெரியும், கொஞ்ச நேரத்தில் தானாக நூர்ந்துவிடும். நூர்ந்தது. இருட்டில் கால்மிதிக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டிருந்தான். பேசாமல்... பொறுமையாய்.

"ஏனப்பா வெளியிலை நிக்கிறியள்? உள்ளுக்கு வாங்கோவன்."

வந்தான். சப்பாத்தைக் கழற்றவில்லை. அவளைக் கடந்து போனான். அவர்கள் வீடு ஒற்றை அறை வீடு. கட்டில் பக்கத்தை ஒரு திரை போட்டு மறைத்திருந்தார்கள். அவன் திரைக்கு அந்தப் பக்கம் போனான். திரை அவனுக்குப் பின்னால் மூடியது.

தாட்சாயினி கேத்தலில் தண்ணீர் வைத்தாள். பையிலிருந்து தொலைபேசியை எடுத்து உயிர்ப்பித்தாள். சஞ்சீவனிடமிருந்து ஒரு செய்தி கிடந்தது. ஆட்டம் தொடங்கமுன் அனுப்பியது. "தாட்சா, குறை நினையாதையும். குசினியிலை ஒரு ஆள் வரேல்லை. பத்திரோன் விடமாட்டன் எண்டிட்டார். நீர் தனியப் பாத்திட்டு வாரும்."

அவள் அதைத் திரும்பத் திரும்ப வாசித்தாள். கேத்தல் இரையத் தொடங்கியது. அவள் திரைப் பக்கம் திரும்பவில்லை.

கையிலேயே தொலைபேசி அடித்தது. சஞ்சீவனின் பெயர். காதில் வைத்தாள். உணவகத்துச் சத்தம், தட்டுகள் மோதுகிற சத்தம், பத்திரோன் கத்துகிற சத்தம். நடுவிலே அவனுடைய குரல்.

"தாட்சா? வேலை முடிஞ்சுது. வெளிக்கிடப் போறன். வீட்டை போய்ச் சேந்திட்டீரோ?"

கேத்தல் தானாக நின்றது. வீட்டில் ஒரு சத்தமும் இல்லை. அவள் காதுக்கு ஒன்றுமே கேட்கவில்லை.

அந்தப் பக்கத்தில் சஞ்சீவன் குசினிச் சத்தத்தைத் தாண்டி வெளியே வந்தான். பிறகு கேட்டான்.

"தாட்சா... உமக்குப் பின்னாலை ஆர் கைதட்டுறது?"