மற்றும் ஒருவர்

முதல்ல தப்பு பண்ணவன் என் அண்ணன். அதை மேல எழுதிட்டு அப்புறம் மத்ததைக் கேளுங்க சார். எழுத இடம் இல்லையா? சரி, மனசுலயாவது வச்சுக்கோங்க. நகராட்சியிலேருந்து சுவரைப் பாக்க மட்டும்தான் வந்திருக்கீங்க, தெரியும். பாத்துடலாம், சுவர் எங்கயும் ஓடிப் போகாது. அந்த நாற்காலி வேணாம், கால் ஆடும். கட்டில்ல உக்காருங்க. இங்க ஆள் வந்து உக்காந்தே எத்தனையோ நாளாச்சு.

ஆமா, மனு நான் போட்டதுதான். எட்டு, எட்டு பை ஒன்னுன்னு ரெண்டு கதவு எண்ணா இருக்கறதை ஒன்னாக்கி, ஒரே வீடுன்னு எழுதித் தரணும். பிரிச்சுக் குடுங்கன்னு பதினோரு வருஷத்துக்கு முன்னாடி மனு போட்டதும் இதே ஆளுதான்னு ஃபைல்ல இருக்குமே. சிரிங்க, பரவால்ல. உங்க ஆபீஸ்ல எல்லாரும் சிரிச்சாச்சு.

நான் டிப்போவுல டயர் மாத்தினவன். அவன் கொத்தனார். அப்பா விட்டுட்டுப் போன வீடு இது, ஒரு கூடம், பின்னாடி ஒரு அடுப்படி. எனக்குக் கல்யாணம் ஆகல. அவனுக்கு ஆச்சு, ஆனா அண்ணி ரொம்ப நாள் இருக்கல. அப்புறம் நாங்க ரெண்டு பேரும்தான். ஒரு தடவை டிப்போவுல பத்து நாள் வெளியூர் அனுப்பினாங்க. திரும்பி வந்து பையைக் கீழ வைக்கறேன், கூடத்துக்கு நடுவுல சுவர் நிக்குது. ஜன்னலைக்கூட விடல, பாருங்க, பாதி எனக்கு, பாதி அவனுக்கு. அந்தப் பக்கம் தனியா ஒரு வாசல், மூலையில ஒரு அடுப்பு. அடுப்படியை எனக்கே விட்டுட்டானாம், பெரிய தர்மப்பிரபு.

என்ன சண்டையா? சண்டையே இல்ல சார். அதான் வயித்தெரிச்சல். சண்டை போட்டிருந்தா காரணமாவது தெரிஞ்சிருக்கும்ல? ஏன் கட்டினான்னு அவன் சொல்லல. நானும் கேக்கல. தப்பு பண்ணவன்தானே முதல்ல வாயைத் திறக்கணும்?

ஆனா சுவர் கூரையைத் தொடல. மேல ஒரு சாண் விட்டிருந்தான். அது வழியா அவன் விளக்கு வெளிச்சம் வரும், தாளிக்கற வாசனை வரும். நேர்ப் பேச்சு கிடையாது, எல்லாம் ஜாடைதான். நான் இங்க பூனையைத் திட்டுவேன், நன்றி கெட்ட ஜென்மம், எத்தனை போட்டாலும் புத்தி வராதுன்னு. அவன் அங்க சட்டியைத் திட்டுவான், எவ்வளவு தேச்சாலும் கருப்பு போகாத சட்டின்னு. எங்க வீட்டுல பூனையே கிடையாது. ரேடியோ அவனோடது. செய்தி முடிஞ்சதும் நிறுத்துவான். நான் ஒரு இருமல் இருமினா பாட்டு வரும். எட்டு வருஷம் இப்படித்தான் ஓடிச்சு.

அப்பதான் உங்க ஆபீஸ்லேருந்து வீட்டு வரிச் சீட்டு ஒன்னு வந்துச்சு. அண்ணன் பேரைப் போட்டு, பக்கத்துல மற்றும் ஒருவர். எனக்கு மூணாங்கிளாஸ் படிப்பு, எழுத்துக் கூட்டித்தான் படிச்சேன். யாருய்யா அந்த ஒருவர்? டயர் மாத்திக் கை காப்புக் காய்ச்சுப் போனவன், எனக்குப் பேர் இல்லையா? நேரா போய்க் கேட்டேன். கவுன்ட்டர்ல இருந்த கண்ணாடிக்காரர் விதிப்புத்தகத்தைத் திறந்தார். இதுல ஒரு வார்த்தை வந்தா நீ நினைக்கிற அர்த்தம் இல்லய்யா, முதல் அஞ்சு பக்கத்துல போட்டிருக்கற அர்த்தம்தான்னு வாசிச்சார். அவன்னு இருந்தா அவளும் சேர்த்தி. ஆளுன்னா கம்பெனியும் ஆளு. தனி வீடுன்னா தனி வாசல், தனி அடுப்பு, தரையிலேருந்து கூரை வரைக்கும் இடைவெளி இல்லாத சுவர். உங்க சுவர்ல ஒரு சாண் இருக்கு, அதனால ஒரே வீடு, மூத்தவர் பேர்தான் வரும்னுட்டார்.

ஒரு சாண்தானே? ஞாயித்துக்கிழமை காலையில ஏணியைப் போட்டு ஏறினேன். கடைசிக் கல்லு வைக்கும்போது அந்தப் பக்கம் அவன் அண்ணாந்து பாத்துட்டு நிக்கறான். வேணாம்டான்னு சொல்லுவான்னு நினைச்சேன். கலவையில தண்ணி அதிகம்னான். பூனை, சட்டி எதுவும் இல்லாம நேரா என்கிட்ட சொன்னது அது ஒன்னுதான். கல்லை வச்சுப் பூசிட்டு இறங்கிட்டேன்.

எட்டு பை ஒன்னு கிடைச்சுது. சீட்டுல என் பேர் முழுசா வந்துச்சு. நம்பர் தகட்டை வாசல்ல அடிச்சுட்டு உள்ள வந்து உக்காந்தா, காது அடைச்ச மாதிரி இருந்துச்சு சார். இருமிப் பாத்தேன். ஒன்னும் கேக்கல.

இப்ப ஏன் சேர்க்கணும்னுதானே? மனுவுல தண்ணிக் குழாய்க்குன்னு எழுதியிருக்கேன். அது சும்மா. அவன் இப்ப உங்க நகராட்சிப் பராமரிப்பு இல்லத்துல கிடக்கறான், நாலு மாசமா. பக்கவாதம். வலது கையும் பேச்சும் போயிடுச்சு. குடும்பத்து ஆளுங்க மட்டும்தான் உள்ள போகலாமாம். மத்தவங்க போகணும்னா அவனே கையெழுத்துப் போட்டுக் குடுக்கணுமாம். கை வராதவன் எங்கேருந்து போடுவான்? கூடப் பொறந்தவன்மா நான்னு நர்சம்மாகிட்ட சொன்னேன். நல்ல மனுஷிதான், பாவம், அவங்களும் அதே புத்தகத்தைத்தான் காட்டினாங்க. குடும்பம்னா ஒரே கதவு எண்ணுல வசிக்கறவங்க. கம்பெனியெல்லாம் ஆளாம், கூடப் பொறந்தவன் குடும்பம் இல்லையாம். தினம் நாலு மணிக்குப் போய் கேட்டுல நிக்கறேன். உள்ள போறவங்க, வர்றவங்க எல்லாரையும் பாத்துட்டுத் திரும்பிடறேன்.

ஏணி அங்க சாத்தியிருக்கு. மேல ரெண்டு வரிசை கல்லை எடுத்துட்டேன். எப்ப எடுத்தா என்ன? இடைவெளி இருந்தா ஒரே வீடுன்னு உங்க புத்தகம்தானே சொல்லுது, தேதியெல்லாம் கேக்கலையே. தோள்பட்டை ஒத்துழைக்கல, இல்லாட்டி மொத்தத்தையும் எடுத்திருப்பேன்.

அவன் விழுந்த அன்னிக்கா? இங்கதான் இருந்தேன், நீங்க உக்காந்திருக்கீங்களே, அந்தக் கட்டில்ல. பால்காரர்தான் அவன் கதவைத் தட்டித் தட்டிப் பாத்துட்டு என்கிட்ட வந்தார். உடைச்சுப் போனா, சுவரோரமா கிடக்கறான். ரெண்டு நாளா கிடந்திருக்கான்னு டாக்டர் சொன்னார். இடது கை விரல் முட்டியில தோல் உரிஞ்சிருந்துச்சு. தட்டியிருப்பான் போல. எனக்குக் கேக்கல சார்.

அதுக்காகப் பரிதாபப்பட்டு எதுவும் எழுதிடாதீங்க. நான் அவனை மன்னிக்கல. ஏன் கட்டினான்னு அவன் எனக்குச் சொல்லியாகணும், அது பாக்கி நிக்குது. பேச்சு வராட்டி போகுது. நான் ஒவ்வொரு காரணமா கேட்டுட்டு வரேன், எது சரியோ அதுக்குத் தலையை ஆட்டட்டும். எத்தனை நாள் ஆனாலும் பக்கத்துல உக்காந்து கேப்பேன். எழுந்திரிங்க சார், நாலு மணிக்கு இன்னும் நேரம் இருக்கு. நீங்க ஏறிப் பாருங்க, ஏணியை நான் பிடிச்சுக்கறேன்.